டிராகுலாவை எழுதிய குமாஸ்தா: பிராம் ஸ்டோக்கரின் வாழ்க்கை

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி லண்டனின் பிம்லிகோ வட்டாரத்தில் உள்ள தமது வீட்டில் பிராம் ஸ்டோக்கர் காலமானார். அவருக்கு வயது 64. டைட்டானிக் கப்பல் மூழ்கி ஐந்து நாள்கள்தான் ஆகியிருந்தன. நாளேடுகளில் அந்தத் துயரச் செய்திகளே நிறைந்திருந்த நேரத்தில் ஸ்டோக்கரின் மறைவு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. வெளிவந்த இரங்கல் குறிப்புகளும் அவரை முதலில் புகழ்பெற்ற நடிகர் சர் ஹென்றி இர்விங்கின் மேலாளர் என்றே சொல்லின. அவர் சில நாவல்களும் எழுதினார் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்று நிலைமை தலைகீழ். இர்விங் யார் என்று கேட்டால் நாடக வரலாறு படித்தவர்கள் மட்டுமே சொல்வார்கள். டிராகுலா என்ற பெயரைக் கேட்காத பள்ளிப் பிள்ளைகூட நம்மிடையே இல்லை. ஆனால் அந்தப் பெயரைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாவலைப் படித்திருக்கிறார்கள்? பேய்க்கதை என்றாலே பொழுதுபோகாதவர்கள் படிப்பது என்ற எண்ணம் நம் வாசகர் வட்டங்களில் இன்றும் உண்டு. அந்த எண்ணத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு திகில் நாவலுக்காக ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்று பார்க்கலாம்.

படுக்கையில் கேட்ட கதைகள்

ஆபிரகாம் ஸ்டோக்கர் 1847ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரை ஒட்டிய குளோன்டார்ஃப் கடற்கரைப் பகுதியில் பிறந்தார். பிராம் என்பது ஆபிரகாம் என்பதன் சுருக்கம். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை டப்ளின் கோட்டை அரசு அலுவலகத்தில் எழுத்தர். அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

ஏழு வயது வரை பிராம் எழுந்து நடக்கவில்லை. என்ன நோய் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைக்குத் தாய் சார்லட் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிலைகோ நகரில் வளர்ந்தவர். 1832இல் அந்த ஊரைக் காலரா தாக்கியபோது அவர் பதின்ம வயதுச் சிறுமி. வழியில் நோய்வாய்ப்பட்டு விழுந்த பயணி ஒருவரைத் தொட அஞ்சிய ஊர்மக்கள், நீண்ட கழிகளால் அவரைக் குழிக்குள் தள்ளி உயிரோடு மண்ணைப் போட்டு மூடியதை அவர் சொன்னார். பின்னாளில் மகன் கேட்டுக்கொண்டதால் அவற்றை எழுதியும் கொடுத்தார்.

செத்தவர் உண்மையில் செத்தாரா, உயிரோடு இருப்பவரைப் புதைத்துவிட்டோமா என்ற அச்சம் டிராகுலா நாவலின் அடிவேர். அது கோட்டையிலோ கல்லறையிலோ முளைத்ததாகத் தெரியவில்லை. பெற்ற தாய் கட்டிலோரம் அமர்ந்து சொன்ன உண்மைச் சம்பவங்களில் முளைத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

நோயும் வந்த சுவடு தெரியாமல் போனது. வளர்ந்த பிராம், சிவந்த தாடியும் அகன்ற தோள்களுமாக மல்லன் போல இருந்தார். 1864இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து விளையாட்டில் பல பரிசுகளை வென்றார். மாணவர்களின் தத்துவச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். அந்தச் சங்கத்தில் அவர் படித்த முதல் கட்டுரை, புனைகதையிலும் சமூகத்திலும் பரபரப்புணர்ச்சி என்ற பொருளைப் பற்றியது. திகில் கதை எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மனிதர்கள் ஏன் பரபரப்பை நாடுகிறார்கள் என்ற கேள்வி அவருக்குள் இருந்திருக்கிறது.

அரசாங்கக் குமாஸ்தா

படித்து முடித்ததும் தந்தையைப் போலவே டப்ளின் கோட்டையில் வேலை. சிறுவழக்கு நீதிமன்றங்களைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள எழுத்தர்கள் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று சரிபார்க்கும் பணி. அந்த எழுத்தர்களின் கடமைகளை விளக்கி அவர் ஒரு கையேடு தயாரித்தார். 1879இல் வெளியான அதுதான் ஸ்டோக்கரின் முதல் நூல். அதை ரசித்துப் படித்தவர்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் டிராகுலாவின் அமைப்பைப் புரிந்துகொள்ள, பதிவேடும் தேதியும் நகலும் சாட்சியமும் நிறைந்த இந்தக் குமாஸ்தா வாழ்க்கையை மறக்கக் கூடாது.

மாலை நேரங்களில் டப்ளின் ஈவினிங் மெயில் நாளேட்டுக்கு நாடக விமர்சனம் எழுதினார். சம்பளம் கிடையாது. அந்த நாளேட்டின் உரிமையாளர்களில் ஒருவர் ஷெரிடன் லெ ஃபானு. கார்மில்லா என்ற ரத்தக்காட்டேரிக் குறுநாவலை எழுதியவர் அவர்தான். 1872இல் நூலாக வந்த அந்தக் கதையில் வரும் காட்டேரி ஓர் இளம்பெண். கதை நடப்பது ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்தில். டிராகுலாவை எழுதத் தொடங்கியபோது ஸ்டோக்கரும் முதலில் ஸ்டிரியாவைத்தான் களமாக வைத்திருந்தார். பின்னரே டிரான்சில்வேனியாவுக்கு மாற்றினார்.

ரத்தக்காட்டேரியைக் கண்டுபிடித்தவர் ஸ்டோக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு முன்பே 1819இல் ஜான் பொலிடோரி ஒரு காட்டேரிக் கதையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். 1840களில் வார்னி என்ற காட்டேரியின் தொடர்கதை வாரந்தோறும் மலிவு விலையில் விற்றது. ஸ்டோக்கர் அந்த வரிசையில் கடைசியாக வந்து, முன்னே நின்ற அனைவரையும் மறைத்துவிட்டார்.

இர்விங் என்ற நிழல்

1876 டிசம்பரில் இர்விங் டப்ளினில் ஹாம்லெட் நாடகத்தில் நடித்தார். ஸ்டோக்கர் எழுதிய விமர்சனம் பிடித்துப்போய் அவரை விருந்துக்கு அழைத்தார். ஒரு நாள் இரவு உணவுக்குப் பிறகு, கொலை செய்துவிட்டு மனச்சாட்சியால் வதைபடும் ஒருவனைப் பற்றிய நீண்ட கவிதையை இர்விங் நடித்தபடியே ஒப்புவித்தார். கேட்டு முடித்த ஸ்டோக்கர் உணர்ச்சி தாளாமல் நிலைகுலைந்து போனார். மல்லன் போன்ற மனிதர் அப்படி உடைந்ததை அவரே பின்னாளில் வெட்கப்படாமல் எழுதிவைத்திருக்கிறார். அன்று தொடங்கிய பிணைப்பு 29 ஆண்டுகள் நீடித்தது.

1878இல் இர்விங் லண்டனின் லைசியம் அரங்கை ஏற்று நடத்தத் தொடங்கியபோது ஸ்டோக்கரை மேலாளராக அழைத்தார். ஓய்வூதியம் உள்ள அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஸ்டோக்கர் கிளம்பினார். அதே டிசம்பரில் ஃபுளோரன்ஸ் பால்கம் என்ற அழகியை மணந்தார். ஃபுளோரன்ஸை முன்பு ஆஸ்கர் வைல்டு விரும்பியிருந்தார் என்பது டப்ளினில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தம்பதியருக்கு ஒரே மகன். அவனுக்கும் இர்விங் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

லைசியத்தில் வரவு செலவு, நடிகர்கள், பணியாளர்கள், விருந்தினர், அமெரிக்காவுக்கு எட்டு முறை போன சுற்றுப்பயணங்கள் என எல்லாம் ஸ்டோக்கரின் தலையில். இர்விங்கின் பெயரில் அவர் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. 1895இல் இர்விங்குக்கு சர் பட்டம் கிடைத்தது. நடிகர் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை. ஸ்டோக்கர் அரங்கின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கோழை என்றோ ஜால்ரா என்றோ நினைத்துவிட வேண்டாம். 1882இல் தேம்ஸ் நதியில் படகில் போய்க்கொண்டிருந்தபோது தற்கொலைக்காக நீரில் குதித்த ஒருவரைக் காப்பாற்ற, தாமும் குதித்தார். அந்த மனிதரைப் பிழைக்கவைக்க முடியவில்லை. ஆனால் அந்தத் துணிவுக்காக ஸ்டோக்கருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இடையிலே சட்டமும் படித்து 1890இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். ஒரு வழக்கிலும் வாதாடவில்லை. அந்தப் படிப்பும் வீண் போகவில்லை. நாவலின் முதல் அத்தியாயத்தில் டிராகுலா பிரபுவுக்கு லண்டனில் வீடு வாங்கித் தரும் பத்திரங்களைச் சுமந்துகொண்டு கோட்டைக்குப் போகும் இளைஞன் ஒரு சட்ட ஆலோசகன்.

லைசியத்துக்கு வந்துபோன பெரிய மனிதர்களில் ஒருவர் ரிச்சர்ட் பர்ட்டன். அரபுக் கதைகளை மொழிபெயர்த்தவர். நமக்கு நன்கு தெரிந்த விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் கொடுத்தவரும் அவரே. வேதாளத்துக்கு அவர் நூல் தலைப்பில் போட்ட ஆங்கிலச் சொல் ரத்தக்காட்டேரி என்று பொருள்படும். முருங்கை மரத்து வேதாளம் ரத்தம் குடிக்காது, புதிர்தான் போடும் என்பதை நம் பாட்டிமார்கள் பர்ட்டனுக்குச் சொல்லியிருக்கலாம். பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் வெளியே தெரிந்ததை ஸ்டோக்கர் உன்னிப்பாகக் கவனித்து எழுதிவைத்தார்.

ஏழு ஆண்டுப் படிப்பு

டிராகுலாவுக்காக ஸ்டோக்கர் எழுதிய குறிப்புகளில் தேதியிட்டவற்றுள் மிகப் பழையது 1890 மார்ச் 8ஆம் தேதிக்குரியது. நூல் வெளிவந்தது 1897 மே மாதம். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில், அரங்கு வேலை போக மிஞ்சிய விடுமுறைகளில், கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

1890 கோடையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள விட்பி என்ற மீன்பிடி ஊருக்குக் குடும்பத்தோடு போனார். அங்குள்ள நூலகத்தில் 1820இல் வெளியான ஒரு வரலாற்று நூல் அவர் கையில் கிடைத்தது. வாலேக்கியா, மால்டேவியா என்ற சிற்றரசுகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் எழுதியது. அதில் டிராகுலா என்ற பெயரும், அந்த நாட்டு மொழியில் அதற்குச் சாத்தான் என்று பொருள் என்ற அடிக்குறிப்பும் இருந்தன. அதுவரை தம் பிரபுவுக்கு வாம்பைர் என்ற சொல்லையே சற்று மாற்றிப் பெயராக வைத்திருந்தார் ஸ்டோக்கர். அதை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதினார். அந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

டிராகுலா என்பவர் மனிதர்களைக் கழுவேற்றிய விளாட் என்ற கொடுங்கோல் மன்னர்தான் என்று இப்போது காணொளிகளில் சொல்லப்படுகிறது. சுற்றுலா நிறுவனங்களும் அப்படியே விற்கின்றன. ஸ்டோக்கரின் குறிப்புகளில் விளாட் என்ற பெயரே வருவதில்லை. அவர் எடுத்துக்கொண்டது பெயரையும் துருக்கியரோடு போரிட்ட வீரன் என்ற ஓரிரு செய்திகளையும்தான்.

விட்பி துறைமுகத்தில் கடலோரக் காவலர் ஒருவரிடம் பேசியபோது, 1885இல் அங்கே கரைதட்டிய டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பலைப் பற்றிக் கேட்டறிந்தார். அது நார்வா துறைமுகத்தைச் சேர்ந்தது. நாவலில் டிமிட்ரி, டிமிட்டர் ஆனது. நார்வாவின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு வார்னா என்ற துறைமுகத்திலிருந்து கப்பல் வருவதாக எழுதினார். விட்பி கல்லறைத் தோட்டத்துக் கற்களில் இருந்த பெயர்களையும் எழுதிக்கொண்டார். டிரான்சில்வேனிய மூடநம்பிக்கைகள் குறித்து எமிலி ஜெரார்ட் எழுதிய கட்டுரையும் ரயில் பயண நூல்களும் கைகொடுத்தன. டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒரு முறைகூடப் போனதில்லை.

தீபகற்பத்திலிருந்து போன பேய்

நம் வட்டாரத்து வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி இங்கேதான் வருகிறது. ஸ்டோக்கர் தட்டச்சு செய்துவைத்த ஆய்வுக் குறிப்புகளில் இசபெல்லா பர்ட் என்ற பெண்மணி எழுதிய பொன் தீபகற்பம் என்ற பயண நூலும் இருக்கிறது. பொன் தீபகற்பம் என்பது பண்டைய கிரேக்கர்கள் மலாயாவுக்குச் சூட்டிய பெயர்.

இசபெல்லா பர்ட் 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்து, மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று படகிலும் யானை மீதும் சுற்றியவர். கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரியின் வீட்டில் இரண்டு குரங்குகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கம் இன்றும் சிரிப்பு மூட்டும். 1883இல் வெளியான அந்த நூலில் மலாய் மக்களின் நம்பிக்கைகளையும் பதிவு செய்திருக்கிறார். பெண்களைப் பிடித்துக்கொண்டு, உடலின் பெரும்பகுதியை விட்டுவிட்டு இரவில் பறந்துபோய் மனித ரத்தம் தேடவைக்கும் ஆவியைப் பற்றி அதில் உண்டு. நாம் பெனங்காலான் என்று கேட்டு வளர்ந்த அதே பேய்தான்.

டிராகுலாவின் உடலில் பெனங்காலான் ரத்தம் ஓடுகிறது என்று சொன்னால் அது மிகை. ஸ்டோக்கரின் பிரபு ஐரோப்பியன்தான். ஆனால் லண்டனில் உட்கார்ந்துகொண்டு உலகெங்கும் உள்ள ரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றித் தேடிப் படித்த மனிதரின் மேசையில், தைப்பிங் வழியாகப் போன ஒரு பயணியின் நூலும் இருந்தது. தோட்டப்புறத்தில் பொந்தியானாக் கதை கேட்டு இரவில் வெளியே போகப் பயந்தவர்களின் பிள்ளைகளுக்கு இது அக்கம்பக்கத்துச் செய்தி.

நாவல் எப்படி?

1897 மே 26ஆம் தேதி, மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்துகளோடு, ஆறு ஷில்லிங் விலையில் டிராகுலா வெளிவந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, நாடக உரிமையைக் காப்பதற்காக லைசியம் மேடையில் அதை நடிகர்களை வைத்துப் படிக்கவைத்தார் ஸ்டோக்கர். டிராகுலா பாத்திரத்தை இர்விங் ஏற்று நடிக்கவே இல்லை.

நாவலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் கவனிப்பது அதன் அமைப்பு. கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, கப்பல் தலைவனின் பதிவேடு, நாளேட்டுச் செய்தி, மெழுகு உருளையில் மருத்துவர் பதிவு செய்த குரல் எனத் துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. மீனா என்ற பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து மூன்று பிரதிகள் எடுத்துக் கோப்பாக்குகிறாள். ஓரிடத்தில் டிராகுலா வந்து மூலப் பிரதியையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறான். பாதுகாப்புப் பெட்டகத்தில் இன்னொரு பிரதி இருந்ததால் தப்பிக்கிறார்கள். நகல் எடுத்துவைத்ததால் பேயை வெல்கிறார்கள். குமாஸ்தாக்களை மேற்பார்வையிட்ட ஒருவர்தான் இப்படி எழுத முடியும். நம்ப முடியாத சங்கதி ஒன்றை, மறுக்க முடியாத அலுவலகக் காகிதங்களாக அடுக்கிக்கொண்டே போகிறார். நாமும் நம்பிவிடுகிறோம்.

முதல் நான்கு அத்தியாயங்கள் உலகத் திகில் எழுத்தில் தலைசிறந்தவை என்று தயங்காமல் சொல்லலாம். முகச்சவரக் கண்ணாடியில் பின்னால் நிற்பவரின் உருவம் தெரியாதது, கோட்டைச் சுவரில் பிரபு தலைகீழாகப் பல்லி போல ஊர்ந்து இறங்குவது எல்லாம் அங்கேதான். எனக்கு அவற்றைவிட அச்சம் தந்தது வேறோர் இடம். லூசி என்ற பெண்ணின் அறையில் மருத்துவர் வெள்ளைப்பூண்டு மலர்களைக் கட்டி, சன்னலை மூடிவைத்துவிட்டுப் போகிறார். காரணத்தைத் தாயிடம் யாரும் சொல்லவில்லை. இரவில் வந்த தாய், மகளுக்கு மூச்சு முட்டுமே என்று பாசத்தோடு மலர்களை எடுத்துவிட்டு, சன்னலையும் திறந்துவிடுகிறாள். மறுநாள் காலையில் மருத்துவரிடம் அதைப் பெருமையாகச் சொல்கிறாள். காட்டேரி அந்தப் பக்கத்தில் வரவே இல்லை. படிக்கும் நமக்கு வயிறு கலங்குகிறது. பேய்க்கதையை மதிப்பிட விரும்புவோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

குறைகளும் உண்டு. டச்சு மருத்துவர் வான் ஹெல்சிங் உடைந்த ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் பேசுவது அலுப்பூட்டும். நூலின் பிற்பகுதி கூட்டம் போட்டு ஆலோசிப்பதிலேயே நீள்கிறது. முடிவோ அவசரத்தில் முடிந்துவிடுகிறது. லூசிக்கு நான்கு ஆண்கள் மாறி மாறி ரத்தம் கொடுக்கிறார்கள். ரத்தப் பிரிவுகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது நாவல் வந்த பிறகுதான். இன்றைய ரத்ததான முகாமில் கையை நீட்டிய எவரும், அந்தப் பெண்ணைக் கொன்றது டிராகுலாவா மருத்துவரா என்று கேட்பார்.

திரைப்படத்தில் பார்த்த பலவும் நூலில் இல்லை. சூரிய ஒளி பட்டால் டிராகுலா சாம்பலாகிவிடுவான் என்பது நாவலில் கிடையாது. பட்டப்பகலில் லண்டன் வீதியில் நடந்து போகிறான். சக்தி குறையும், அவ்வளவுதான். அவனுக்கு அடர்ந்த மீசை உண்டு. அவன் சாவதும் மார்பில் அடித்த மரக்கட்டையால் அல்ல, இரண்டு கத்திகளால். அவற்றில் ஒன்று கூர்க்கா கத்தி.

வெளிவந்தபோது விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லவிதமாகவே இருந்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் பாராட்டிக் கடிதம் எழுதினார். முதிய தாய் சார்லட்டும் மகனின் நூலைப் படித்து மகிழ்ந்தார். பிராங்கன்ஸ்டைனுக்குப் பிறகு இதற்கு ஈடான நூல் இல்லை என்பது அவருடைய கருத்து. காலரா கதை சொன்ன தாயின் மதிப்பீடு எந்த விமர்சகரின் மதிப்பீட்டையும்விடச் சரியாக இருந்தது. ஆனால் பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. ஸ்டோக்கர் அந்த நூலை அர்ப்பணித்த நண்பர் ஹால் கெய்ன் அப்போது விற்பனையில் கொடிகட்டிப் பறந்த நாவலாசிரியர். இன்று அவரைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

இறுதி ஆண்டுகள்

1898இல் லைசியத்தின் கிடங்கு தீப்பற்றி, ஆண்டுக்கணக்கில் சேர்த்த மேடைக் காட்சித் திரைகள் எரிந்துபோயின. அரங்கு அதிலிருந்து மீளவில்லை. 1905 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் நாடகம் முடிந்த இரவு இர்விங் இறந்தார். அடுத்த ஆண்டு ஸ்டோக்கர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அப்போதும் அவர் எழுதி முடித்தது இர்விங்கைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள்.

1908இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை வேடிக்கையானது. புனைகதைகளுக்குத் தணிக்கை வேண்டும், காம உணர்வைத் தூண்டும் நூல்கள் சமூகத்துக்குக் கேடு என்று அதில் வாதிட்டார். இன்றைய பல்கலைக்கழக ஆய்வாளர்களோ டிராகுலாவின் ஒவ்வொரு பக்கத்திலும் அடக்கிவைத்த காமத்தைத்தான் தேடி எடுக்கிறார்கள். தம் நூலில் அப்படி ஒன்று இருப்பதாக அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

வருமானம் குறைந்து, உடலும் ஒத்துழைக்காமல், 1911இல் வறுமையில் வாடும் எழுத்தாளர்களுக்கு உதவும் அரச இலக்கிய நிதிக்கு விண்ணப்பித்தார். அந்த ஆண்டில் வெளியான வெள்ளைப் புழு பற்றிய அவருடைய கடைசி நாவலைப் படித்தால் களைத்துப்போன கை தெரியும். அதை விட்டுவிடலாம்.

விதவையின் போராட்டம்

கணவர் இறந்த மறு ஆண்டே ஃபுளோரன்ஸ் அவருடைய நூல்களையும் காகிதங்களையும் ஏலத்துக்கு அனுப்பினார். ஏழு ஆண்டு உழைப்பான டிராகுலா குறிப்புகள் இரண்டு பவுண்டுக்குச் சற்று அதிகமாக விலைபோயின. 1914இல் கணவரின் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

1922இல் ஜெர்மனியில் நோஸ்ஃபெராட்டு என்ற படம் வெளிவந்தது. இயக்கியவர் முர்னாவ். பெயர்களை மாற்றியிருந்தாலும் கதை டிராகுலாவேதான். ஃபுளோரன்ஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, காசும் தரவில்லை. ஏறத்தாழ அந்த நூலின் வருமானத்தை நம்பியே இருந்த அந்தப் பெண்மணி, எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். தயாரிப்பு நிறுவனம் நொடித்துப்போனது. 1925இல் படத்தின் பிரதிகளை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் தப்பிப் பிழைத்தன. சூரிய ஒளியில் காட்டேரி கரைந்துபோகும் காட்சி அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். திரைப்பட ரசிகர்கள் அந்தப் பிரதிகள் தப்பியதை எண்ணி மகிழ்கிறார்கள். ஃபுளோரன்ஸின் பக்கமும் நியாயம் இருந்தது. அனுமதி கேட்டு, உரிய தொகையைக் கொடுத்திருந்தால் எதையும் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

முறைப்படி அனுமதி பெற்ற ஹாமில்டன் டீன் 1924இல் டர்பி நகரில் டிராகுலாவை நாடகமாக மேடையேற்றினார். உயரமான கழுத்துப்பட்டி வைத்த கறுப்பு மேலங்கி அந்த மேடையில் பிறந்தது. 1927இல் நாடகம் நியூயார்க் போனபோது ஹங்கேரிய நடிகர் பெலா லுகோசி பிரபுவாக நடித்தார். 1931இல் அவரே திரையிலும் தோன்றினார். அந்த முகம்தான் உலகத்துக்கு டிராகுலா ஆனது. அமெரிக்காவில் நூலுக்கான பதிப்புரிமைச் சடங்குகள் முறையாக நிறைவேற்றப்படவில்லை என்பதும் அந்தக் காலகட்டத்தில்தான் தெரியவந்தது. பதிவேடுகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்த மனிதரின் நூலுக்கு, ஒரு பதிவு விடுபட்டிருந்தது.

ஃபுளோரன்ஸ் 1937இல் காலமானார். 1957இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம், இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ் இயக்கத்தில் பொந்தியானாக் படத்தை வெளியிட்டு, நம் ஊர்ப் பேயையும் திரைக்குக் கொண்டுவந்தது.

இரண்டு பவுண்டுக்குச் சற்று அதிகமாக ஏலம்போன அந்தக் குறிப்புகள் பல கை மாறி, இப்போது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடித்துத் திருத்திய பிரபுவின் பெயரும், விட்பி கல்லறைப் பெயர்களும், இசபெல்லா பர்ட்டின் மலாயா நூலிலிருந்து எடுத்த குறிப்புகளும் அதே கட்டுக்குள்தான் உள்ளன. அவற்றின் படப்பிரதி நூலாகவும் வெளிவந்திருக்கிறது.